சத்தமில்லாத மோட்டார்

கடலுக்கு முதுகு காட்டி இருப்பதில் ரதி இத்தாலியின் பலேர்மோ நகரத்திலேயே பேர்பெற்றவள். ஒவ்வோர் ஆகஸ்டிலும் எங்கள் சனம் மொண்டெல்லோக் கடற்கரையில் குடையும் பாயும் விரித்து, சோற்றுச் சட்டியும் கறிச் சட்டியுமாகக் குந்துகிற நாளில், எல்லோரும் கடலைப் பார்த்து இருக்க, அவள் மட்டும் சட்டிகளைப் பார்த்து இருப்பாள். "ரதியக்கா, இஞ்சாலை திரும்பி இருங்கோவன்" என்று யாராவது சொன்னால், "பூனை வரும்" என்பாள். மொண்டெல்லோவில் பூனைகள் உண்டுதான். ஆனால் இத்தனை வருசமாக ஒரு மனுசி பூனைக்குப் பயந்தா கடலைப் பார்க்காமல் இருப்பாள்?

காரணம் அவளுடைய புருசன் நகுலேஸ்வரனுக்குத் தெரியும். தெரியும் என்பதும் பாதிதான். சண்டைக் காலத்தில், யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற வேறு வழியில்லாத நாள்களில், அவள் தாயோடும் தம்பியோடும் கிளாலிக் கடலைப் படகில் கடந்தவள். அவ்வளவுதான் அவள் சொன்னது. மிச்சத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் தானாகக் கண்டுபிடித்தான். அப்போது மகள் ஜெனனி கைக்குழந்தை. மனைவியைச் சந்தோசப்படுத்தலாம் என்று வாடகைக்கு ஒரு மோட்டார் படகு பேசினான். படகுக்காரன் கயிற்றை இழுத்து எஞ்சினைக் கிளப்பியதும் ரதியின் முகம் வெள்ளையடித்த சுவர்போல வெளுத்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் தரிப்பிடம்வரை நடந்தாள். செருப்பில் ஒன்று தண்ணீரில் மிதந்தது. நகுலேஸ்வரன் அந்தச் செருப்பை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினான். அதன்பிறகு படகு என்ற சொல்லை அவன் வீட்டில் எடுக்கவில்லை.

இப்போது எடுக்க வேண்டி வந்தது. ஜெனனி கலியாணம் முடித்து ஜேர்மனியில், டோர்ட்முண்டில் இருக்கிறாள். பேரப்பிள்ளை பிறந்துவிட்டது. "இனி என்னப்பா அங்கை? இஞ்சை வாங்கோ" என்று நாளுக்கு இரண்டு தரம் வீடியோவில் அழைக்கிறாள். ஒக்டோபரில் போவதென்று முடிவாகி, பலேர்மோவின் ஒரேத்தோப் பகுதியில் இருக்கிற வீட்டில் பாதிச் சாமான் பெட்டிக்குள் போய்விட்டது. வியா மக்வேதாத் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒற்றை அறையில் தொடங்கிய குடித்தனம். அந்த அறையில் கட்டிலை மடித்தால்தான் கதவு திறக்கும். கதவைத் திறந்தால்தான் அடுப்பு மூட்டலாம். அங்கே இருந்தபோது இந்த நகரத்தைத் திட்டாத நாளில்லை. இப்போது போகப்போகிறோம் என்றதும், குப்பை எடுக்க வராத லொறிகூட நகுலேஸ்வரனுக்குக் கண்ணைக் கரிக்க வைத்தது.

அவனுக்கு ஒரே ஓர் ஆசைதான் மிச்சம். இவ்வளவு காலம் வாழ்ந்த ஊரை ரதி ஒருதரம் கடலில் இருந்து திரும்பிப் பார்க்க வேண்டும். முதுகு காட்டியபடியே அவள் இந்த ஊரை விட்டுப் போகக்கூடாது. டோர்ட்முண்டில் கடலில்லை; திரும்ப ஒரு வாய்ப்பும் இல்லை.

அவன் வேலை செய்யும் மொண்டெல்லோ வீட்டு எசமானி சிஞ்ஞோராவின் காலஞ்சென்ற கணவர் ஒரு சின்ன மரப்படகு வைத்திருந்தார். அது இப்போதும் மொண்டெல்லோத் துறையில் கட்டியபடி கிடந்தது. "எடுத்துக்கொண்டு போ, நகுல். இல்லாவிட்டால் மழையில் உக்கிப் போகும்" என்று சிஞ்ஞோரா சொல்லிவிட்டார். எஞ்சின் இல்லை. எஞ்சின் வேண்டவும் வேண்டாம். அவனுக்குத் தேவை சத்தமே போடாத ஒன்று. ஃபோனில் தேடித் தேடி, மின்சாரத்தில் ஓடுகிற மோட்டார் ஒன்றுக்கு ஓடர் போட்டான். நீளக் கம்பி, கீழே ஒரு சின்னக் காற்றாடி, மேலே ஒன்றிலிருந்து ஐந்துவரை இலக்கம் போட்ட பிடி. கிட்டத்தட்டக் கூரை விசிறியைத் தலைகீழாகப் பிடித்ததுபோல இருந்தது.

அது பற்றரியில் ஓடும் என்று பெட்டியில் எழுதியிருந்தது. அந்த இடத்தில்தான் அவனுடைய பழைய ஜெனரேற்றர் அனுபவம் குறுக்கே வந்து நின்றது. சிஞ்ஞோராவின் கராஜில் ஒரு ஜெனரேற்றர் இருந்தது; போன கோடையில் கறண்ட் நின்று நின்று போனபோது வாங்கியது. சந்தையில் ஒரு பற்றரிச் சார்ஜர் எடுத்தால் போதும். ஜெனரேற்றரிலிருந்து சார்ஜர், சார்ஜரிலிருந்து மோட்டார். நடுவில் பற்றரி என்ற பாறாங்கல் எதற்கு? ஜெனரேற்றர் விசயத்தில் யாரும் அவனுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை என்பது நகுலேஸ்வரனின் கருத்து. மற்ற எல்லா விசயங்களிலும் எல்லோரும் அவனுக்குப் பாடம் எடுத்து முடித்திருந்தார்கள்.

கராஜில் பரீட்சை நடந்தபோது றெஜியும் வந்திருந்தான். றெஜி முல்லைத்தீவுக்காரன், யுத்தம் முடிந்தபிறகு வந்து, மொண்டெல்லோவில் ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில் வேலை செய்கிறவன். நகுலேஸ்வரனைவிடப் பதினைந்து வயது இளமை, வாய் மட்டும் நூறு வயது மூப்பு.

ஜெனரேற்றர் உறுமியது. சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்தது. மோட்டார் அசையவில்லை.

"அண்ணை, மோட்டாருக்கு இத்தாலியன் விளங்கேல்லைப் போல" என்றான் றெஜி.

"கொஞ்சம் பொறடா. சூடேற வேணும்."

"இது என்ன, தோசைக்கல்லோ?" றெஜி ஃபோனை எடுத்துத் தட்டிப் பார்த்தான். "இஞ்சை பாருங்கோ. இப்பத்தைச் சார்ஜர் முதல்லை அங்காலை பற்றரி இருக்கோ எண்டு தொட்டுப் பார்க்குமாம். இல்லையெண்டால் கறண்ட் விடாதாம். பெண் பார்க்க வந்த இடத்திலை பெண் இல்லையெண்டால் மாப்பிள்ளை வீட்டார் என்ன செய்யிறது? எழும்பிப் போறதுதான்."

"எங்கடை காலத்திலை இப்பிடியில்லை. ஜெனரேற்றரை இழுத்தா எல்லாம் ஓடும்."

"உங்கடை காலத்திலை மண்ணெண்ணெயிலை மோட்டச்சைக்கிளே ஓடினது அண்ணை. அதுக்கு இந்தச் சார்ஜர் என்ன செய்யும்?"

ஆகவே பற்றரியும் வந்தது. றெஜியின் கடைக்கு மீன் ஏற்றுகிற மூன்றுசில்லு ஆப்பே வண்டியிலிருந்து கழற்றிப் போட்ட பழசு. புதிது வாங்கலாம்தான், ஆனால் ஊரை விட்டுப் போகிற வீட்டுக்குள் புதுப் பற்றரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் ரதியின் கேள்விகளுக்குப் பதில் சொல்லுகிற வல்லமை அவனிடம் இல்லை.

பழசைத் தூக்கிக்கொண்டு போனதற்கே பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஒரேத்தோ வீட்டுக் குளியலறையில் தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்து, தொட்டி விளிம்பில் மோட்டாரைப் பூட்டி, மனைவியைக் கூப்பிட்டான். அவள் கையில் கூட்டுகிற தும்புத்தடியோடு வாசலில் நின்றாள்.

"என்னப்பா இது?"

"பாரும்."

ஒன்றாம் இலக்கத்தில் வைத்தான். காற்றாடி சுழன்றது. தண்ணீர் மெல்லச் சுருண்டது. வேறு ஒரு சத்தமும் இல்லை. பக்கத்து வீட்டு ரீவியில் யாரோ சமையல் சொல்லிக்கொடுப்பது தெளிவாகக் கேட்டது.

"இதைச் சிஞ்ஞோராவின்ரை வள்ளத்திலை பூட்டப்போறன். மொண்டெல்லோவிலை ஒருக்கா... ஒரேயொருக்கா. போறத்துக்கு முதல்."

ரதி சுழல்கிற தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். வேகம் போதாதென்று நினைக்கிறாளோ என்று பயந்து நகுலேஸ்வரன் பிடியை ஐந்துக்குத் திருகினான். தொட்டித் தண்ணீரில் பாதி எழும்பி அவன் முகத்தில் அடித்தது. மற்றப் பாதி கதவுக்கு வெளியே போனது. கொஞ்ச நேரத்தில் கீழ்வீட்டு மனுசி கூரையைத் தடியால் இடிக்கிற சத்தம் கேட்டது.

ரதி தும்புத்தடியைச் சுவரில் சாத்தினாள். "சத்தமில்லைத்தான்" என்றாள். பிறகு, "கடலிலையும் சத்தம் இராதோ?"

"மூச்சுக்கூட விடாது."

"சத்தியமா?"

"பிள்ளையார் சத்தியமா."

பிள்ளையார்மீது சத்தியம் செய்த மறுநாளே துறையில் றெஜியோடு வெள்ளோட்டம் பார்த்தபோது, ஐந்தாம் இலக்கத்தில் சீறிப் போன படகு, ஒரு சுருட்டுப் பிடித்து முடிகிற நேரத்துக்குள் முனகத் தொடங்கி நின்றுவிட்டது. ஜெனரேற்றரையும் சார்ஜரையும் ஏற்றிப் பார்த்தார்கள். அப்போதும் ஐந்தில் வைத்தால் நிற்கத்தான் செய்தது.

"அண்ணை, ஐந்திலை வைச்சா மோட்டார் அண்டாக்கணக்கிலை குடிக்குது. சார்ஜர் கரண்டியாலை ஊத்துது" என்றான் றெஜி. "ஒண்டிலை வையுங்கோ. கரண்டியாலை ஊத்துறதைக் கரண்டியாலை குடிக்கும். ஜெனரேற்றர் ஓடுமட்டும் நீங்கள் ஆபிரிக்காவுக்கே போகலாம். போய்ச்சேரக் கிழவனாயிடுவியள், அது வேறை."

"ஜெனரேற்றரை ஓட விடேலாதடா."

"ஏன்?"

"ரதிக்கு எஞ்சின் சத்தம் ஆகாது. அதுக்குத்தானே இந்த மோட்டாரே வாங்கினது."

றெஜி படகின் நடுவில் குந்தியிருந்த ஜெனரேற்றரைப் பார்த்தான், நகுலேஸ்வரனைப் பார்த்தான். "அப்ப சத்தமில்லாத மோட்டாரை வாங்கி, அதுக்குச் சாப்பாடு குடுக்க, தெருவே எழும்பிற மாதிரி ஒரு ஜெனரேற்றரைப் பக்கத்திலை இருத்தியிருக்கிறியள்."

"அவசரத்துக்கு எண்டு கொண்டு போறன். கிளப்ப மாட்டன்."

"துடுப்பைக் கொண்டு போங்கோ. அதுதான் அவசரத்துக்கு."

நகுலேஸ்வரன் துடுப்பு இரண்டையும் கரையில் வைத்துவிட்டான். ஜெனரேற்றர் இருக்கிற படகில் துடுப்புக்கு இடமில்லை.

செப்ரெம்பர் கடைசி. மொண்டெல்லோவில் கோடைக்காரர் போய்விட்டார்கள். வேலைக்காரர்கள் கடற்கரையில் உடைமாற்றுகிற சிறு மரக்கூடுகளைப் பலகை பலகையாகக் கழற்றி லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ரதி தாமரைப்பூச் சேலைக்கு மேல் மகளுடைய பழைய மழைச்சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். நெற்றியில் வீபூதி. கைப்பையில், ஞாயிறுகளில் மலைமேல் ரொசாலியா மாதாவிடம் போகும்போது கொண்டுபோகிற மெழுகுதிரி. கடவுள்மாரில் ஒருவரையும் அவள் வீட்டில் விட்டு வரவில்லை.

படகின் முன்பக்கத்தில், பின்னுக்கு இருக்கிற நகுலேஸ்வரனைப் பார்த்தபடி இருந்தாள். நடுவில் பழைய போர்வையால் மூடிய ஒன்று கிடந்தது.

"அது என்ன?"

"சாமான்."

அவள் படகின் விளிம்பைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. ஒன்றாம் இலக்கத்தில் படகு கட்டியிருந்த இடத்தை விட்டு நகர்ந்தது. சத்தமில்லை. மெய்யாகவே இல்லை. பலகையில் தண்ணீர் தட்டுகிற சின்னச் சத்தம் மட்டும். துறையைக் கடந்து, மிதவைகளைக் கடந்து, குடா விரிந்தது. ரதியின் ஒரு கை விளிம்பை விட்டது. கொஞ்சம் பொறுத்து மற்றதும்.

"நிமிர்ந்து கரையைப் பாருமன்" என்றான் அவன்.

அவள் மெல்ல நிமிர்ந்து அவனுக்குப் பின்னால் பார்த்தாள். ஒரு பக்கம் பெரிய மலை. மறு பக்கம் சின்ன மலை. நடுவில் கடற்கரையும் வீடுகளும், அதற்குப் பின்னால் அவர்களுடைய முழு வாழ்க்கையும். ரொசாலியா மாதாவின் அந்தப் பெரிய மலையைக் கண்டதும் ரதி கை கூப்பினாள்.

"சின்னனாத்தான் இருக்கு" என்றாள். "நடந்து ஏறேக்குள்ளை எவ்வளவு பெரிசா இருந்தது. ஜெனனி காய்ச்சலா இருந்த வருசம் வெறுங்காலோடை ஏறினன். ஞாபகம் இருக்கோ?"

"நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னாலை வந்தன். பாதி வழியிலை அவள் குணமாகி ஐஸ்கிறீம் கேட்டவள்."

ரதி சிரித்தாள். கடலில் ரதி சிரித்தாள்! அந்தச் சந்தோசத்தில் நகுலேஸ்வரனுக்குத் தலை சுற்றி, ஒன்றாம் இலக்கத்துக்கு ஒருபோதும் துரோகம் செய்வதில்லை என்ற தீர்மானம் பறந்தது. பிடியை ஐந்துக்குத் திருகினான். படகு மூக்கை உயர்த்திக்கொண்டு பாய்ந்தது. மழைச்சட்டை காற்றில் உப்பியது. கொஞ்ச நேரம் அவன் ஒரு கப்பல் கப்டன்.

பிறகு மோட்டார் முனகியது.

நான்கில் வைத்தான். மூன்றில். ஒன்றில். காற்றாடி, போவோமா விடுவோமா என்று யோசிக்கிறதுபோல இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. கரையிலிருந்து காற்று வெளியே வீசிக்கொண்டிருந்தது. படகு தன்பாட்டில் பக்கவாட்டாகத் திரும்பி, வெளிக்கடலைப் பார்த்து மிதக்கத் தொடங்கியது.

"என்னப்பா, நிண்டிட்டுது?"

"ஒண்டுமில்லை. களைச்சுப் போச்சு."

ரதியின் கைகள் திரும்பவும் விளிம்புக்குப் போயின. அவள் அவனைப் பார்க்கவில்லை. கரை தூரமாவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் அந்தப் பழைய வெளுப்பு மெல்ல ஏறிவந்தது. நகுலேஸ்வரன் போர்வையை நீக்கினான். ஜெனரேற்றர். அவன் கை கயிற்றில் இருந்தது. இழுத்தால் அவளுக்கு ஆகாத சத்தம். இழுக்காவிட்டால் அவளுக்கு ஆகாத கடல். பிள்ளையார் சத்தியம் வேறு. ஒரு மனுசன் தன் மனைவியைச் சந்தோசப்படுத்த எடுத்த முயற்சிகளில் இது எத்தனையாவது தோல்வி என்று எண்ணுவதற்கு அவனுக்கு நேரமில்லை.

"ரதி, இதைக் கிளப்ப வேணும். சத்தம் வரும். காதைப் பொத்திக்கொள்ளும். கண்ணையும் மூடும்."

அவள் ஜெனரேற்றரைப் பார்த்தாள். "இதைத்தானோ சாமான் எண்டனீங்கள்?"

"ஓம்."

"இழுங்கோ."

கண்ணை மூடிக்கொண்டது அவன்தான். இழுத்தான். முதல் இழுவையில் இருமியது. இரண்டாவதில் பிடித்தது. தட தட தட தட என்று குடா முழுவதும் நிறைந்தது. பலகை அதிர்ந்தது. சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்தது. அவன் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தான்.

ரதி காதைப் பொத்தவில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்து, தூரத்தில் யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுவதைக் கேட்பவள்போலக் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளுப்பு இறங்கியிருந்தது.

"என்ன படம் இண்டைக்கு?" என்று கத்தினாள்.

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது மற்றக் கண்ணும் தானாகத் திறந்தது.

யாழ்ப்பாணத்தில் கறண்ட் இல்லாத அந்த வருசங்களில், கிழமைக்கு ஒருதரம் சனம் காசு சேர்த்து ஜெனரேற்றரும் ரீவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுக்கும். விடிய விடிய மூன்று படம், நான்கு படம். நகுலேஸ்வரன் ஜெனரேற்றரோடு போகிற பெடியன். இயந்திரத்தைச் சத்தம் கேட்காத தூரத்தில், வளவின் மூலையில் வைப்பார்கள். மண்ணெண்ணெய் விட்டு, திணறினால் பெற்றோல் சொட்டு விட்டு, அதைப் பார்த்துக்கொண்டு அவன் அங்கேயே குந்தியிருக்க வேண்டும். எத்தனையோ நூறு படத்துக்கு வெளிச்சம் கொடுத்தவன் ஒரு படமும் பார்த்ததில்லை. ஒரு வளவில், ஒரு பெட்டை அவனுக்குத் தேத்தண்ணி கொண்டு வந்தாள். குவளையைத் திரும்ப வாங்கக் காத்திருக்கிற நேரத்தில், "என்ன படம் இண்டைக்கு?" என்று அவன் கேட்க, சத்தத்துக்கு மேலால் கத்திக் கத்தி அந்தப் படத்தின் கதையைச் சொன்னாள். அடுத்த கிழமையும் வந்தாள். அவன் மெதுவாகக் குடிக்கப் பழகினான். பிறகு ஒருநாள், ஒரு படத்தின் கதை பாதியில் நிற்க, அந்த வளவில் அவள் இல்லை. கிளாலியால் போய்விட்டார்கள் என்று சொன்னார்கள். கொழும்பில் திரும்பக் கண்டதும், கலியாணம் பேசியதும், அவன் முதலில் இங்கே வந்து பிறகு அவளைப் பலேர்மோவுக்கு எடுத்ததும் வேறு கதைகள்.

இவ்வளவையும் அவன் மறந்தவனல்ல. ஆனால் ஓர் எஞ்சின் சத்தம் அவளை வெருட்டும் என்றுமட்டும் பார்த்தவன், இன்னோர் எஞ்சின் சத்தம் அவளுக்கு என்ன செய்யும் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. ஜெனரேற்றர் விசயத்தில் தனக்குத் தெரியாததும் உண்டு என்று அன்றுதான் ஒப்புக்கொண்டான்.

"என்ன படம் வேணும்?" என்று அவனும் கத்தினான்.

"இண்டைக்குப் படமில்லை!" என்று கத்தினாள் ரதி. "வேறை கதை!"

ஒன்றாம் இலக்கத்தில், கரண்டியால் குடித்தபடி, படகு கரையை நோக்கி ஊர்ந்தது. நடந்து வந்தால் முந்திவிடலாம். ரதி முன்னால் குனிந்து, கையை வாயருகில் குவித்து, ஜெனரேற்றருக்கு மேலால் சொல்லத் தொடங்கினாள். இத்தனை வருசமாகச் சொல்லாததை, அமைதியான எந்த அறையிலும் சொல்ல முடியாமல் போனதை, தொண்டை கிழியக் கத்திச் சொன்னாள்.

"முன்னுக்கு ஒரு வள்ளத்திலைதான் மிசின்! மற்ற எல்லாம் அதுக்குப் பின்னாலை கயித்திலை கட்டினது! நாங்கள் கடைசி வள்ளம்!"

"ஓம்!"

"இருட்டு! நேவிக்காரர் சுடத் துவங்கீட்டாங்கள்! முன்னாலை ஆரோ கயித்தை அறுத்துப்போட்டினம்! மிசின் சத்தம் தூரத் தூரப் போகுது! போகுது, போகுது, பிறகு கேக்கேல்லை! அதுதான், அந்தச் சத்தம் போனதுதான்..."

அவன் தலையாட்டினான். அப்படியென்றால் அவள் பயந்தது எஞ்சின் சத்தத்துக்கல்ல. அது தன்னை விட்டுப் போவதற்கு. ஓர் எஞ்சின் கிளம்பினாலே, இனி இதுவும் போய்விடும் என்றுதான் அவளுக்குக் கேட்டிருக்கிறது. சத்தமில்லாத மோட்டாரைத் தேடித் தேடி வாங்கிய புத்திசாலி வாயை மூடிக்கொண்டிருந்தான்.

"அறுந்த கயிறு அம்மான்ரை கையிலை! அங்காலை ஒண்டுமில்லை, வெறுந் தண்ணி! ஆனா அம்மா விடேல்லை! விடியுமட்டும் பிடிச்சுக்கொண்டே இருந்தவ! கரைக்கு ஒதுங்கின பிறகு ஆக்கள்தான் விரலை ஒவ்வொண்டா விரிச்சது!"

"நீர் என்ன செய்தனீர்?"

"தம்பியை மடியிலை வைச்சிருந்தன்! கும்பிட்டன்! கடவுளெல்லாம் முடிஞ்சுது! பிறகு என்ன நினைச்சனான் தெரியுமோ?"

அந்த இடத்தில் ஜெனரேற்றர் நின்றது. சிஞ்ஞோரா போன கோடையில் விட்ட பெற்றோல், இந்தச் செப்ரெம்பர்வரை வந்ததே பெரிய காரியம். தட தட ஓய்ந்து குடா அப்படியே அமைதியானது. ரதிக்கு மட்டும் அது தெரியவில்லை. அவள் முழுத் தொண்டையில் இருந்தாள்.

"அந்தப் படத்தின்ரை முடிவை ஜெனரேற்றர்காரனுக்குச் சொல்லாமச் சாகப்போறனே எண்டுதான் நினைச்சனான்!"

வசனம் தண்ணீரில் ஓடிப் போய்க் கரையில் மோதியது. கூடு கழற்றிக்கொண்டிருந்தவர்கள் பலகையோடு நிமிர்ந்தார்கள். குளித்துக்கொண்டிருந்த ஒரு கிழவர் கையைத் தட்டினார். அவருக்குத் தமிழ் தெரிந்திருக்க நியாயமில்லை.

ரதி இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். காது நுனிவரை சிவந்துவிட்டது.

நகுலேஸ்வரன் எதையாவது சொல்ல வேண்டும். மனுசன் வாழ்நாளில் ஒருதரம் கேட்கக் கிடைக்கிற வசனத்துக்கு என்ன மறுமொழி சொல்வது? கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப முடிவு என்ன?" என்று கேட்டான்.

"மறந்து போச்சு" என்றாள் கைக்குள்ளால்.

கரைக்கு இன்னும் தூரமிருந்தது. காற்று படகைத் திரும்பவும் வெளியே எடுக்கத் தொடங்கியபோது, கடற்கரைப் பக்கமிருந்து மஞ்சள் நிறத்தில் ஒன்று ஒரு பக்கம் சாய்ந்தபடி வந்தது. காலால் மிதித்து ஓட்டுகிற பெடலோ. இரண்டு பேர் மிதிக்க வேண்டிய அதில், குசினி ஏப்ரனோடு, வியர்க்க விறுவிறுக்க றெஜி தனியாக மிதித்து வந்தான்.

"அண்ணை! ஆபிரிக்காவுக்குப் போற ஆக்கள் சொல்லிப்போட்டுப் போக வேண்டாமோ? சமையல்காரன் என்னை அங்கை தேடுறான்."

"பெற்றோல் முடிஞ்சுதடா."

"துடுப்பு எங்கை?"

"கரையிலை."

"நல்ல இடம். களவு போகாது." றெஜி பின்னால் கிடந்த கயிற்றைச் சுருட்டி எடுத்தான். "இந்தாங்கோ, முன்வளையத்திலை இறுக்கிக் கட்டுங்கோ. நான் இழுக்கிறன்."

கயிறு படகுக்குள் விழுந்தது. நகுலேஸ்வரன் ஜெனரேற்றரைத் தாண்டி முன்னுக்கு வர எழும்பினான். அதற்குள் ரதி கயிற்றை எடுத்துவிட்டாள். மடியில் வைத்து ஒருதரம் பார்த்தாள். பெடலோவில் றெஜி கட்டிய முடிச்சுவரை கண்ணால் போய்த் திரும்பினாள்.

"கட்ட வேண்டாம்" என்றாள். "நான் பிடிச்சிருக்கிறன்."

"கை நோகுமப்பா. வளையம் இருக்கு."

"நோகட்டும். நீங்கள் அங்கை இருங்கோ."

அவன் இருந்தான். அவள் முன்னால் திரும்பி, கரையைப் பார்த்து, கயிற்றை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

"அக்கா, விட்டிடாதேங்கோ" என்றான் றெஜி.

"நீர் மிதியும் தம்பி."

கயிறு தண்ணீரை விட்டு எழும்பி, சொட்டச் சொட்ட நேராகியது. ஒரு குலுக்கலோடு படகு முன்னால் நகர்ந்தது. நகுலேஸ்வரனுக்குப் பார்க்க வேண்டிய இயந்திரம் ஒன்றும் மிச்சமில்லை. ரதியின் முதுகைப் பார்த்தான், அதற்கு அப்பால் மலையைப் பார்த்தான், கயிற்றைப் பார்த்தான். அவள் கை ஒருதரம்கூடத் தளரவில்லை.

துறைவாசல் கிட்டியது. றெஜி இளைத்தபடி பெடலோவை உள்ளே திருப்பப் போனான். ரதி கயிற்றை ஒரு சின்ன இழுவை இழுத்தாள்.

"தம்பி, உள்ளுக்கு விடாதையும். அந்தப் பெரிய மலைப்பக்கமா ஒரு சுத்துச் சுத்திக்கொண்டு வாருமன்."

றெஜி மிதிப்பதை நிறுத்தித் திரும்பிப் பார்த்தான். "அக்கா, எனக்கு அங்கை அடுப்பிலை மீன் கிடக்கு."

"கருகினா நான் வந்து பொரிச்சுத் தாறன்" என்றாள் ரதி. "மிதியும்."